திருகோணமலைச் சுகாதாரப் பணியாளருக்கு ஒரு நன்றித் தளம்: நிலையான இணையத்தளம் ஒன்று உருவான விதம்

திருகோணமலை நகரிலுள்ள வாசிகசாலை ஒன்றைச் சார்ந்த சிலரும், க.பொ.த. உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் பயிலும் மாணவர் சிலரும், ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரும் சேர்ந்து, மாவட்டத்தின் சுகாதாரப் பணியாளருக்கு நன்றி கூறும் சிறிய இணையத்தளம் ஒன்றை அமைத்தோம். தரவுத்தளம், உள்நுழைவு, கருத்திடும் பகுதி ஆகிய எதுவும் இல்லாமல், எழுதி வைத்த பக்கங்களை எழுதியபடியே காட்டும் நிலையான இணையத்தளம் அது. அதனை அமைக்கையில் எடுத்த தீர்மானங்களையும் அவற்றுக்கான காரணங்களையும் இங்கே பதிவுசெய்கிறோம். இதுபோன்ற முயற்சியை மட்டக்களப்பிலோ மன்னாரிலோ தொடங்க எண்ணுவோர் ஒன்றை முதலிலேயே அறிந்திருப்பது நல்லது: இதில் நிரல் எழுதும் வேலை மிகக் குறைவு. யாருக்கு, எதற்காக, எப்படி நன்றி சொல்வது என்பதைத் தெளிவாக்கும் வேலையே பெரும்பகுதி.

தேவை எங்கிருந்து வந்தது

2020ஆம் ஆண்டை உலக சுகாதார நிறுவனம் தாதியருக்கும் மருத்துவமாதருக்கும் உரிய ஆண்டாக முன்னரே அறிவித்திருந்தது. அந்த ஆண்டிலேயே கொரோனா இலங்கைக்குள் பரவத் தொடங்கியது. மார்ச் 20ஆம் திகதி மாலை நாடெங்கும் ஊரடங்கு பிறப்பிக்கப்பட்டது. அந்நாட்களில் எங்கும் நன்றிச் சொற்கள் ஒலித்தன. பேஸ்புக்கில் படங்கள் பகிரப்பட்டன, வட்ஸ்அப்பில் வாழ்த்து அட்டைகள் சுற்றின. சில மாதங்களில் அவை எல்லாம் புதிய பதிவுகளுக்கு அடியில் புதைந்து, தேடினாலும் எடுக்க முடியாதவையாகிவிட்டன. ஒரு தாதிக்கு எழுதப்பட்ட நல்ல சொல்லை அவர் ஐந்து ஆண்டுகளின் பின்னர் தன் பிள்ளைக்குக் காட்ட விரும்பினால் அதற்கு இடமில்லை. இந்தக் குறைதான் எமது முதற் காரணம்.

இரண்டாவது காரணம் எமது மாவட்டத்துக்கே உரியது. கொரோனாவுக்கு முன்னரும் இங்கே தீராத நன்றிக்கடன்கள் பல இருக்கின்றன. 2004 டிசெம்பர் 26 ஆழிப்பேரலை கிண்ணியாவையும் மூதூரையும் நிலாவெளியையும் குச்சவெளியையும் தாக்கியபோது, தம் வீட்டாரின் நிலை அறியாமலே காயப்பட்டோரைக் கவனித்தவர்கள் இருந்தார்கள். 2017இல் நாடு கண்ட மிகப் பெரிய டெங்குப் பரவலில் 186,101 பேர் நோயாளராகப் பதிவானார்கள், 440 பேர் இறந்தார்கள். அவ்வாண்டின் தொடக்கத்தில் கிண்ணியா மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. 2022 ஜூன் இறுதியில் எரிபொருள் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே என்று அறிவிக்கப்பட்ட நாட்களில், அந்தச் சேவையைச் சேர்ந்தவர்களே வரிசையில் நின்று களைத்து, சைக்கிளிலும் நடந்தும் கடமைக்குச் சென்றார்கள்.

மலேரியாவைத் தனியாகச் சொல்ல வேண்டும். குளமும் வயலும் காடும் கலந்த கந்தளாய், தம்பலகாமம், வெருகல் பக்கத்து முதியவர்களுக்கு அந்தக் காய்ச்சல் கதை அல்ல, உடம்பில் பட்ட அனுபவம். 2012 ஒக்டோபருக்குப் பின்னர் இலங்கைக்குள்ளேயே தொற்றிய மலேரியா நோயாளி எவரும் பதிவாகவில்லை. 2016 செப்டெம்பர் 5ஆம் திகதி உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடு எனச் சான்றளித்தது. இந்த வெற்றிக்குப் பின்னால், முதுகில் பம்பைச் சுமந்து வீடு வீடாக மருந்து தெளித்தவர்களும், விரல் நுனியில் இரத்தத் துளி எடுத்துக் கண்ணாடித் தகட்டில் பரிசோதித்தவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு யாரும் மாலை போட்டதாக நாம் கேள்விப்படவில்லை. நோயைக் குணப்படுத்துபவரை நோயாளி காண்கிறார். நோய் வராமற் காத்தவரைக் காண்பதற்கு நோயாளியே இல்லை. ஆகவே கொரோனாக் காலத்தோடு மட்டும் இந்தத் தளம் நின்றுவிடக் கூடாது என்பது முதற் கூட்டத்திலேயே முடிவாயிற்று.

யாருக்கு, எந்த ஒழுங்கில்

நன்றி என்றதும் வைத்தியரின் முகமே முதலில் நினைவுக்கு வரும். அது இயல்பானது, தவறும் அல்ல. ஆனால் வைத்தியசாலையின் பதவி ஒழுங்கையே தளத்தின் ஒழுங்காக வைத்தால், சிற்றூழியரும் நோயாளர் காவு வண்டிச் சாரதியும் என்றும் கடைசிப் பக்கத்திலேயே இருப்பார்கள். கடைசிப் பக்கத்தை யாரும் திறப்பதில்லை. அகரவரிசையும் பொருந்தவில்லை. இறுதியில், ஓர் உயிரின் பயணத்தையே ஒழுங்காகக் கொண்டோம். கர்ப்பிணியின் வீட்டுப் படலையைத் திறந்து வரும் குடும்ப நல உத்தியோகத்தரில் தளம் தொடங்குகிறது. அடுத்து தடுப்பூசி கிளினிக், பொதுச் சுகாதாரப் பரிசோதகர், 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் சுவசரிய நோயாளர் காவு வண்டி, வெளிநோயாளர் பிரிவு, விடுதி, சத்திரசிகிச்சைக் கூடம், ஆய்வுகூடம், மருந்து வழங்கும் இடம், சமையலறை, சலவைப் பகுதி, துப்புரவு எனத் தொடர்ந்து, வீடு திரும்பியவரைப் பார்க்க மறுபடியும் அதே உத்தியோகத்தர் வருவதோடு நிறைவடைகிறது.

குடும்ப நல உத்தியோகத்தருக்கு முதலிடம் அளித்தமை பற்றிக் குழுவில் நீண்ட விவாதம் நடந்தது. அந்த முடிவு சரியானது என்றே நான் உறுதியாக நம்புகிறேன். பொதுவில் 3,000 அளவிலான மக்களுக்கு ஒருவர் என்ற கணக்கில் பணியமர்த்தப்படும் இவர்கள், குழந்தையின் நிறையைப் பதியும் அட்டையிலுள்ள கோடு தட்டையாவதைக் கண்டதும் தாயோடு அமர்ந்து பேசுபவர்கள். இலங்கையில் பிரசவத்தில் தாய் இறப்பது அயல்நாடுகளோடு ஒப்பிடுகையில் நெடுங்காலமாகவே குறைவாக இருப்பதற்கு, இந்த வீட்டு வாசல் சேவை முக்கிய காரணங்களுள் ஒன்று. மூதூருக்கும் கிண்ணியாவுக்கும் படகையும் ‘பாதை’ எனப்படும் மிதவையையும் நம்பியிருந்த காலத்தில், 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும் முன்னர், ஒரு பிரசவத்தை நகருக்கு அனுப்பலாமா அங்கேயே பார்க்கலாமா என்று இரவில் தீர்மானிக்க வேண்டியிருந்தது எவ்வளவு பெரிய பொறுப்பு என்பதை, அந்தக் காலத்தில் பிள்ளை பெற்ற தாய்மார் எழுதிய கடிதங்களிலிருந்தே எமது மாணவர் முதன்முதலாக அறிந்தார்கள்.

கடிதங்கள்

“உங்கள் அர்ப்பணிப்பான சேவைக்கு நன்றி” என்று மட்டும் எழுதிய வாழ்த்துகள் தொடக்கத்தில் ஏராளமாக வந்தன. அன்போடு எழுதப்பட்டவைதான். ஆயினும் யாருக்கும் பொருந்தும் சொல் யாரையும் சென்றடைவதில்லை. ஆகவே எழுதுவோரிடம் மூன்று கேள்விகளை வைத்தோம்: அவர் என்ன செய்தார், அப்போது உங்கள் நிலை எப்படி இருந்தது, அவர் அப்படிச் செய்யாதிருந்தால் என்ன ஆகியிருக்கும்? மூன்றாவது கேள்வியே கடிதங்களை மாற்றியது. தம்பலகாமத்துத் தாய் ஒருவர், தன் குழந்தையின் நிறை இரண்டு மாதம் கூடாமலிருந்ததைக் கண்ட ‘மிஸ்’ (குடும்ப நல உத்தியோகத்தர்), கிளினிக் நாள் அல்லாத நாளிலும் வீட்டுக்கு வந்து தாய்ப்பால் கொடுக்கும் முறையைத் திருத்திச் சொன்னதை எழுதினார். கடலில் காலைக் கிழித்துக்கொண்டு வந்த மீனவர் ஒருவர், காயத்தைத் தைத்த வைத்தியரோடு, வலியில் கத்தியபோது தன் கையைப் பிடித்திருந்த சிற்றூழியரையும் மறக்காமல் குறிப்பிட்டார். தகப்பனைக் கொரோனாவில் இழந்த ஒரு பெண், உடலைக்கூட அருகில் பார்க்க முடியாதிருந்த அந்த நாளில், விடுதித் தாதி தொலைபேசியைத் தகப்பனின் காதருகே பிடித்துத் தன் குரலைக் கேட்கச் செய்ததற்கு நன்றி கூறினார். குணமாகாத இடத்திலும் நன்றி உண்டு என்பதை அந்தக் கடிதம் எமக்கு உணர்த்தியது. அதனை எந்தத் திருத்தமும் இன்றி வெளியிட்டோம்.

கடிதங்களைப் பெறும் வழி பற்றியும் சொல்ல வேண்டும். நிலையான தளத்தால் தானாகப் படிவங்களைப் பெற்றுச் சேமிக்க இயலாது. இதனை நாம் குறையாகக் கருதவில்லை. வாசிகசாலையில் வைத்த பெட்டியில் கையெழுத்துக் கடிதங்களும், வட்ஸ்அப்பில் குரற்பதிவுகளும் வந்தன. எழுதப் பழகாத முதியவர்கள் சொல்லச் சொல்ல மாணவர் எழுதினார்கள். ஒவ்வொன்றையும் இருவர் படித்த பின்னரே வெளியிட்டோம். திறந்த கருத்துப் பகுதி இருந்திருந்தால், நன்றிக்கு அடியிலேயே ஒருவர் தன் கோபத்தையும் இன்னொருவர் தன் அரசியலையும் எழுதியிருப்பார், அதைக் கடமை முடிந்து வீடு வந்த ஒரு தாதி படிக்க நேர்ந்திருக்கும்.

சில கடிதங்கள் நன்றியோடு குறைகளையும் சொல்லின: மருந்து இல்லாதிருந்தது, ஒரே தாதி இரண்டு விடுதிகளைப் பார்த்தார் என்றவாறு. இவற்றை நீக்க வேண்டுமென ஒரு சாரார் கருதினர். நாம் நீக்கவில்லை. 2022இன் பொருளாதார நெருக்கடியில் மருந்துத் தட்டுப்பாடு நிலவியதும், அதன் பின்னர் வைத்தியர்களும் தாதியரும் பெருமளவில் நாட்டை விட்டுச் சென்றதும் எவரும் அறிந்தவை. அந்தச் சுமையை மறைத்துவிட்டு அதைச் சுமந்தவரைப் புகழ்வது அவருக்குச் செய்யும் நியாயம் ஆகாது. தனி ஒருவரைக் குற்றஞ்சாட்டும் வரிகளை மட்டும் எழுதியவரின் சம்மதத்துடன் விலக்கினோம்.

தனியுரிமை

நன்றிக் கடிதம் எழுதுபவர் தன் நோயையும் சேர்த்தே எழுதிவிடுகிறார். அயலாரின் பெயர், விடுதி எண், நோயின் பெயர் ஆகியவை சரளமாக வரும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், உடல்நலம் பற்றிய தரவுகளைச் சிறப்பு வகைத் தரவுகளுள் வைக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும், ஊர் சிறியது. “நிலாவெளியில் கடை வைத்திருப்பவர்” என்றாலே ஆளை அறிந்துகொள்வார்கள். எனவே எழுதியவரின் பெயர் அவர் விரும்பினால் மட்டும், நோயின் பெயர் அவர் வற்புறுத்தினால் மட்டும், மூன்றாம் நபரின் விவரம் எக்காரணத்தாலும் இல்லை என்று வகுத்தோம். நன்றி பெறுபவரின் பெயரையும் அவரிடம் கேட்ட பின்னரே இட்டோம். இடமாற்றம் வழக்கமான சேவை இது என்பதால், பணியிடத்தோடு ஆண்டையும் குறித்தோம். ஆண்டு இல்லாத கடிதம் சில காலத்தில் தவறான தகவலாகிவிடும்.

வைத்தியசாலைக்குள் எடுத்த படங்களை அறவே ஏற்கவில்லை. பின்னணியில் யாராவது ஒரு நோயாளி படுத்திருப்பார். பணியாளர் தாமே தந்த படங்களிலும், கைத்தொலைபேசி படத்தோடு சேர்த்துப் பதிந்து வைக்கும் இட விவரத்தை நீக்கிவிட்டே ஏற்றினோம். வீட்டில் எடுத்த படமானால் அந்த விவரம் வீட்டையே காட்டிக்கொடுக்கும். பெரும்பாலான பக்கங்களில் படமே இல்லை. அது பார்ப்பதற்குக் கட்டுப்பாடான, அமைதியான தோற்றத்தையும் தந்தது.

ஏன் நிலையான தளம்

பொதுவாக இத்தகைய தளங்களை வேர்ட்பிரஸ் போன்ற மென்பொருளில் அமைப்பார்கள். தொடங்குவது எளிது. ஆனால் அந்த மென்பொருளையும், கூடுதல் வசதிகளுக்காக அதில் சேர்க்கும் செருகுநிரல்களையும் காலந்தோறும் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்காத தளத்துக்குள் ஊடுருவுவோர் புகுந்து சூதாட்ட விளம்பரங்களை இடுவது அடிக்கடி நடப்பது. தன்னார்வலர் குழு நிரந்தரமானது அல்ல. மாணவர் பல்கலைக்கழகம் செல்வார்கள், வேலை தேடிக் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் போவார்கள். அவர்கள் போன பின்னரும் யாருடைய பராமரிப்பும் இன்றித் தளம் நிற்க வேண்டுமானால், உடைவதற்கு அதில் எதுவும் இருக்கக் கூடாது. 1991இல் ஐரோப்பாவின் சேர்ன் இயற்பியல் ஆய்வுகூடத்திலிருந்து வெளியுலகுக்கு வந்த உலகின் முதல் இணையத்தளம், இணையப் பக்கங்களை எழுதும் அடிப்படைக் குறிமொழியான எச்.டி.எம்.எல். கொண்டு எழுதிய எளிய பக்கங்களால் ஆனது, 2013இல் அது பழைய முகவரியிலேயே மீட்டு வைக்கப்பட்டது, இன்றைய உலாவிகளிலும் திறக்கிறது. நன்றிக் கடிதத்துக்கு அந்த ஆயுள் வேண்டும் என விரும்பினோம்.

ஆகவே கையால் எழுதிய எச்.டி.எம்.எல். பக்கங்கள், எல்லாப் பக்கங்களின் தோற்றத்தையும் வகுக்கும் பொதுவான ஒரே ஒரு சி.எஸ்.எஸ். கோப்பு, அவ்வளவுதான். ஹியூகோ, ஜெக்கில் போன்ற தள உருவாக்கிகளைப் பரிசீலித்தோம். கடிதங்கள் நூற்றுக்கணக்கில் வந்தால் தலைப்பையும் அடிக்குறிப்பையும் ஒவ்வொரு பக்கத்திலும் மாற்றுவது சிரமம் என்பதால் அவை பயன்படும். எமது அளவுக்குத் தேவைப்படவில்லை. தளத்தை கிட்ஹப் பேஜஸ் சேவையில் இலவசமாக ஏற்றினோம். 1 கிகாபைட் அளவும் மாதம் 100 கிகாபைட் போக்குவரத்தும் என்ற அதன் வரம்புகள், எழுத்தே பெரும்பகுதியான ஒரு தளத்துக்கு எட்டாத உயரம். தமிழெழுத்துக் குறி ஒவ்வொன்றும், எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூ.டி.எஃப்-8 முறையில் 3 பைட் இடம் கொள்ளும். 3,000 குறிகள் கொண்ட நீண்ட கடிதமும் 9 கிலோபைட் அளவிலேயே அடங்கிவிடும். டேட்டா அட்டையின் கடைசி நாளிலும் அதைத் திறக்கலாம்.

தமிழ் எழுத்தின் தேவைகள்

எமது நேரத்தில் பெரும்பகுதியை எடுத்துக்கொண்ட தொழில்நுட்ப வேலை இதுவே. தட்டச்சு செய்து அனுப்பப்பட்ட கடிதங்களில் பல, யூனிகோடு முறையைச் சாராத பழைய பாமினி எழுத்துருவில் இருந்தன. அலுவலகங்களிலும் அச்சகங்களிலும் அது இன்னும் உயிரோடிருக்கிறது. அதனை, எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறியெண் முறையான யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இணையத்தில் உண்டு. ஆனால் மாற்றிய பின்னர் கொம்பும் காலும் கொண்ட எழுத்துகளைக் கண்ணால் சரிபார்ப்பது அவசியம். ‘கொ’ என்ற எழுத்தின் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றாகவே தெரியும், தேடும்போது ஒன்று மற்றதைக் காணாது போகக்கூடும். எல்லாக் கடிதங்களையும் ஒரே வடிவத்துக்கு இயல்பாக்கிய பின்னரே பக்கத்தில் இட்டோம்.

ஊர்ப் பெயர்களின் அகரவரிசையிலும் இத்தகைய நுணுக்கம் உண்டு. யூனிகோடு அட்டவணையில் ‘ந’வுக்கு அடுத்து ‘ன’வும், ‘ர’வுக்கு அடுத்து ‘ற’வும் வருகின்றன. கணினி குறியெண்ணை மட்டும் பார்த்து வரிசைப்படுத்தினால், ‘கன்னியா’ என்ற பெயர் ‘கல்’ எனத் தொடங்கும் பெயர்களுக்கு முன்னே நின்றுவிடும். நெடுங்கணக்கில் ‘ன’ கடைசி எழுத்து. பெயர்கள் குறைவாக இருந்ததால் ஆசிரியை தம் கையாலேயே வரிசைப்படுத்தித் தந்தார்.

அன்ட்ரொய்ட் கைத்தொலைபேசிகளில் நோட்டோ தமிழ் எழுத்துரு ஏற்கனவே இருப்பதால், தனி எழுத்துருவைப் பதிவிறக்கச் செய்யவில்லை. கொம்பும் விசிறியும் சுழியும் ஒன்றோடொன்று முட்டாதிருக்க வரி இடைவெளியை எழுத்தளவின் 1.7 மடங்காக வைத்தோம். இருபக்கமும் சமன்செய்த பத்திகள் சிறு திரையில் சொற்களுக்கிடையே பெரும் வெளிகளை உண்டாக்கும், தமிழின் நீண்ட சொற்கள் அதனை மேலும் கெடுக்கும். எனவே இடப்பக்கம் மட்டும் சீராக வைத்தோம். எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான ஒளி வேறுபாட்டை, பார்வை குறைந்தோரும் படிக்க உதவும் இணைய அணுகல்தன்மை வழிகாட்டி கோரும் 4.5:1 என்ற விகிதத்துக்கு மேல் பேணினோம். பக்கத்தின் மொழி தமிழென நிரலில் அறிவிப்பதை எவரும் விட்டுவிடக் கூடாது. பார்வையற்றோருக்கான திரைவாசிப்பான் அதனைக் கொண்டே எந்தக் குரலில் படிப்பதெனத் தீர்மானிக்கிறது.

சிங்களப் பக்கங்கள் முதல் நாளிலிருந்தே திட்டத்தில் இருந்தன. எமது வைத்தியசாலைகளில் தென்னிலங்கையிலிருந்து வந்து பணியாற்றும் தாதியரும் வைத்தியரும் பலர். தமிழில் மட்டும் எழுதினால், நன்றி பெறுபவருக்கே அதைப் படிக்க வேறொருவர் வேண்டும். மொழிபெயர்ப்பை இயந்திரத்திடம் விடாமல், இரு மொழியும் அறிந்த ஆசிரியர்களிடம் கொடுத்தோம். கோமரங்கடவலவிலிருந்து சிங்களத்தில் வந்த கடிதங்களையும் அவ்வாறே தமிழாக்கினோம்.

வெளியிட்ட பின்னர்

முகவரி பற்றி ஒரு குறிப்பு. 2010இல் இலங்கைக்கு இணைய முகவரியின் இறுதியில் வரும் ‘.இலங்கை’ என்ற தமிழ் மேல்நிலை ஆள்களப் பெயர் கிடைத்தது. தமிழ் முகவரியையே பெறலாம் என்ற விருப்பம் குழுவில் இருந்தது. எனினும் சில செயலிகளில் பகிரும்போது அது புரியாத இலத்தீன் எழுத்துச் சரமாக மாறித் தோன்றும். மோசடி இணைப்புகளுக்கு அஞ்சப் பழகிய முதியவர்கள் அதைத் தொடமாட்டார்கள். எளிய முகவரியோடு நின்று, கியூஆர் குறியீடு அச்சிட்ட சிறிய தாள்களைக் கொடுத்தோம்.

தளத்தை எவரும் தம் பெயருக்குப் பயன்படுத்த இடமளிக்கவில்லை. அனுசரணை வழங்க முன்வந்தவர்கள் தம் சின்னத்தை மேலே இடக் கேட்டனர். செலவே இல்லாத தளத்துக்கு அனுசரணை தேவைப்படவில்லை என்பதால் மறுப்பது எளிதாயிற்று. நிலையான தளத்தின் இந்தப் பயனை நாம் முன்கூட்டி எண்ணியிருக்கவில்லை. இப்போது அதையே முதன்மையானதாகக் கருதுகிறேன்.

பணியாளரிடமிருந்து வந்த பதில்களில் ஒரு கோரிக்கை மீண்டும் மீண்டும் வந்தது: கடிதத்தை அச்சிட்டுத் தர முடியுமா என்பது. சி.எஸ்.எஸ். கோப்பில் அச்சுக்கென ஒரு பகுதியைச் சேர்த்து, வழிசெலுத்தும் இணைப்புகளை மறைத்து, ஒரு கடிதம் ஏ4 தாள் ஒன்றில் அடங்கும்படி செய்தோம். ஓய்வுபெற்ற மருந்து தெளிப்பாளர் ஒருவர் அந்தத் தாளைச் சட்டமிட்டு வீட்டில் மாட்டியிருக்கிறார்.

தளத்தின் முழுப் பிரதியும் வாசிகசாலைக் கணினியிலும் இரண்டு பென்டிரைவ்களிலும் இருக்கிறது. இணையம் இல்லாமலும் கோப்பை இருமுறை சொடுக்கினால் பக்கங்கள் திறக்கும். புதிய கடிதத்தைச் சேர்க்கும் முறை, ஒரு பக்கத்தைப் பிரதியெடுத்து, தலைப்பையும் உள்ளடக்கத்தையும் மாற்றி, பட்டியலில் ஒரு வரி சேர்ப்பது வரை, இரண்டு பக்கக் கையேடாகத் தமிழில் எழுதப்பட்டுள்ளது. அடுத்த தொகுதி மாணவர் அதைக் கொண்டு, இதுவரை ஒரு கடிதமும் வராத சலவைப் பகுதிக்கும் பிரேத அறைப் பணியாளருக்கும் உரிய பக்கங்களை நிரப்பும் வேலையைத் தொடங்கியிருக்கிறார்கள்.